அரைச் சங்கு வெடிமருந்து

ஈத்தங்கானல் மலையூருல ஒரு காட்டுப்பன்னி விழுந்தா சுட்டவனுக்குத் தொடை, தோட்டா கட்டினவளுக்குத் தலை, மிச்சம் ஊருக்கு. தலையோட சேத்துப் பழியும் கட்டினவளுக்குத்தான், ஏன்னா விசையை அமுக்குறது ஒரு விரல் செய்யிற வேலை, ஆனா சாவைக் கூட்டுக்குள்ள அடைச்சு மூடி வைக்கிறவ முந்தின நாளே உக்காந்து, யோசிச்சு, அளந்து செய்றா, அப்பக் கொன்னது அவதானேன்னு அந்த மலைக்காரங்க எந்தக் காலத்துலயோ முடிவு பண்ணிட்டாங்க. இந்த ஞாயத்தை நீ சிரிக்காமக் கேக்கணும் ஜெயக்கொடி. இந்த ஜெயில்ல நாம ரெண்டு பேரும் ஒரே அறைக்கு வந்து எழுபது நாளாச்சு, நீயும் நிக்கப் பழகுற பிள்ளையை வச்சுக்கிட்டு தினம் கேக்குற, என்னக்கா பண்ணிட்டு வந்தேன்னு. கொலைன்னு ஒத்த வார்த்தைல சொன்னா உனக்குப் பத்தலை. சரி, இன்னைக்கு முழுசாக் கேட்டுக்கோ.

நான் மலைக்காரி இல்ல. சாத்தூருக்குத் தெக்க பயர் ஆபீஸ்ல, அதான் வெடிக் கம்பெனில, பாவாடை கட்டுன வயசுலருந்து மருந்து அளந்தவ. பவளக்கொடி கையில அளவு தப்பாதுன்னு மேஸ்திரியே சொல்லுவாரு. ஈத்தங்கானல்ல கட்டிக் குடுத்தாங்க, போனேன். எம் புருசன் மிளகு பறிக்க ஏணி ஏறி, ஏணி ஒரு பக்கம் அவரு ஒரு பக்கமா விழுந்து போய்ச் சேந்தாரு. நான் மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்குக் கிளம்புனப்பதான், மருந்து அளக்கத் தெரிஞ்ச கை ஒண்ணு சும்மா போகுதேன்னு ஊருப் பெரிய தோட்டக்காரரு தவசியப்பனுக்கு ஞாபகம் வந்துச்சு. அவரு காப்பித் தோட்டத்து ஓரத்துல ஒரு ஓட்டு வீட்டைக் குடுத்தாரு, தோட்டா கட்டுற வேலையைக் குடுத்தாரு. அப்பல்லாம் மரியாதையா அவரு இவருன்னுதான் சொல்லுவேன். இப்ப வாயில அந்த மரியாதை வர மாட்டேங்குது, அதனால அவன்னுதான் சொல்லப் போறேன்.

துப்பாக்கி அவனோடது. வெள்ளைக்காரத் துரை ஒருத்தன் தோட்டத்தை வித்துட்டுக் கப்பல் ஏறுறப்ப விட்டுட்டுப் போன ரெட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி, தாத்தன் கையில இருந்து இவன் கைக்கு வந்து, லைசென்ஸும் இவன் பேருல இருந்துச்சு. கட்டைவிரல் தண்டி பித்தளைக் கூடு போடணும் அதுக்கு. அந்தக் கூட்டைச் செஞ்ச கம்பெனியை மூடி அறுபது வருசம் ஆச்சாம், ஊருல மொத்தமே பதினாலு கூடுதான், சுட்ட கூட்டையே பொறுக்கிட்டு வந்து திரும்பத் திரும்பக் கட்டணும். புளி போட்டு விளக்கி, அடியில மருந்துக்குத் தீப்பொறி விடுற கேப்பு, வெடிச்சுப் போனதைத் தட்டி எடுத்துட்டுப் புதுசைப் பதிச்சு, ஒரு சங்கு மருந்து, சங்குன்னா பிள்ளைக்குப் பால் புகட்டுற வெங்கலச் சங்குதான், அதைத் தலை தட்டி ஊத்தி, மேல காலண்டர் அட்டையை வட்டமா வெட்டி அமுக்கி, பழைய பேட்டரி ஈயத்தை உருக்கி வாத்த குண்டை உக்கார வச்சு, தேன்மெழுகைத் தடவி வாயை இறுக்கணும். கட்டுறவ துப்பாக்கியைத் தொடக்கூடாது, சுடுறவன் சங்கைத் தொடக்கூடாது. தோட்டா ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாறுறப்ப ரெண்டு பேரும் வாயைத் திறக்கக்கூடாது.

இன்னொரு முறையும் இருக்கு, அதுதான் என்னை இங்க கொண்டாந்து விட்டுச்சு. மருந்து குறைஞ்சு, பன்னி சாகாம அடிபட்டு ஓடுச்சுன்னா அதுக்குக் குறைக்கட்டுன்னு பேரு. குறைக்கட்டு கட்டினவளே கத்தியை எடுத்துக்கிட்டு அது பின்னாடி போயி முடிச்சுட்டு வரணும், எவனும் கூட வர மாட்டான். நான் கட்ட ஆரம்பிச்ச முதல் வருசம் ஐப்பசி மழையில மருந்து நமுத்துப் போயி அப்படி ஆச்சு. சினைப்பன்னி. குடலை இழுத்துக்கிட்டு உண்ணிச்செடிப் புதர் புதரா அது போக, முள்ளுல மாட்டித் தொங்குறதைப் பாத்துப் பாத்து நான் பின்னாடி போக, காலைல கிளம்புனவ பொழுது சாயத்தான் அதைப் பிடிச்சேன். காதுக்குக் கீழ ரெண்டு விரக்கடை விட்டு இறக்குனா சத்தமில்லாம அடங்கிடும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், அதுவும் மூணாவது குத்துலதான் தெரிஞ்சுக்கிட்டேன், மூணு குத்துக்கும் அது என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. வந்து தலையை வாங்கிக்கிட்டேன், மூணு நாள் சோறு இறங்கலை. அதுக்கப்புறம் பதினெட்டு வருசத்துல ஒரே ஒரு குறைக்கட்டுதான் கட்டினேன், அதை வேணும்னே கட்டினேன்.

அது அழகுமலைக்கு வச்ச தோட்டா. அழகுமலைன்னா மலைக்கும் கீழுக்கும் ஜீப்பு ஓட்டுறவன், முப்பது வயசு இருக்கும், பொண்டாட்டி பேரு கனி, என்னை அத்தைன்னு கூப்பிடுவான், நான் மூட்டையோட நின்னா வண்டியை நிறுத்தி இறங்கி அவனே தூக்கி வைப்பான். தவசியப்பன் பன்னிக்குன்னு சொல்லித் தோட்டத்தைச் சுத்திக் கரண்டு வேலி போட்டிருந்தான், மேல போற லைன்லருந்து திருட்டுத்தனமா இழுத்த கரண்டு. அழகுமலையோட தம்பி ஒரு விடியக்காலை மாட்டைத் தேடிப் போயி அதுல கை வச்சான், நாங்க போறப்பக் கரிக்கட்டையா வேலியோட ஒட்டிக்கிட்டு நிக்கிறான், பிரிச்செடுத்தா தோலு கம்பியோட வருது. ஊரு கூடி விதின்னு சொல்லிட்டுக் கலைஞ்சுச்சு. அழகுமலை மட்டும் கேஸு போட்டான். வியாழக்கிழமை கோர்ட்டுல அவன் சாட்சி சொல்லணும், செவ்வாய்க்கிழமை தவசியப்பன் என் வாசல்ல வந்து நிக்கிறான்.

"பவளம், ஒரு தோட்டா கட்டி வை."

"ஒண்ணாண்ணே? எப்பவும் நாலு கேப்பீங்களே."

"ஒண்ணு போதும். இந்தப் பன்னி நின்ன இடத்துலயே நிக்கும்."

சொல்லிட்டுச் சிரிச்சான். எனக்குப் புரியாம இல்ல, புரியலைன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். மாட்டேன்னு சொல்லியிருக்கணும், சொல்லலை. அழகுமலை வீட்டுக்கு ஓடிப்போயி ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், அதையும் செய்யலை. பயம்டி, வேற என்ன. இருக்கிற வீடு அவன் வீடு, குடிக்கிற கஞ்சி அவன் கஞ்சி. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுற விலாங்கு மாதிரி, ரெண்டு பேருக்கும் நல்லவளா இருந்துக்கலாம்னு அரைச் சங்கு மருந்தை மட்டும் ஊத்தி வாயை மூடினேன். குண்டு குழாய்லயே சிக்கிக்கும், இல்லாட்டி நாலடி தள்ளி விழுந்துடும், துரைத் துப்பாக்கிக்கு வயசாயிடுச்சுன்னு ஊரு சிரிக்கும், அவ்வளவுதான்னு நெனச்சேன்.

புதன்கிழமை சந்தை. பகல் பத்து மணிக்கு, முட்டைக்கோசு மூட்டைக்கும் வாழைத்தாருக்கும் நடுவுல, தவசியப்பன் ஜீப்பு ஸ்டாண்டுக்கு நேரா வந்து நின்னு, முப்பது தப்படி தூரத்துல வண்டியைத் துடைச்சுக்கிட்டு இருந்த அழகுமலையோட நெஞ்சைக் குறி பாத்து அமுக்கிட்டான். டம்முன்னு கேக்க வேண்டிய சத்தம் புஸ்ஸுன்னு கேட்டுச்சு. கோழி முட்டை போடுற மாதிரி குண்டு மெதுவாக் குழாய் வாயை விட்டு வெளிய வந்து, அந்தரத்துல ஒரு நிமிசம் நின்னு, அப்புறம் கட்டெறும்பு ஊர்ற வேகத்துல அழகுமலையைப் பாத்துக் கிளம்புச்சு. சந்தையே நின்னு பாத்துச்சு. டீக்கடைத் துரைப்பாண்டி வடிகட்டியைக் கையில வச்சுக்கிட்டு, "மருந்து பத்தலை போல" அப்படின்னான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க, பாத்துட்டு வெங்காயம் நிறுக்கப் போயிட்டாங்க.

அழகுமலை ரெண்டடி தள்ளி நின்னான், குண்டு மூக்கைத் திருப்புச்சு. வண்டிக்குப் பின்னாடி போனான், அது வண்டியோட முன்பக்கம் நுழைஞ்சு, ரேடியேட்டரு, இஞ்சினு, சீட்டு எல்லாத்தையும் துளைச்சுக்கிட்டுப் பின்பக்கமா வந்துச்சு, அதுக்குள்ள உலை வச்சு ஒரு படி சோறு வடிச்சிருக்கலாம். அவன் நடந்தான், அது பின்னாடி வந்துச்சு. ஒரு நாளைக்கு அரை மைல் தூரம், நிக்காது, தூங்காது, மழைக்கு ஒதுங்காது.

முதல்ல ஊரு பயந்துச்சு, பத்து நாள்ல பழகிடுச்சு. மனுசங்களுக்குப் பழகாதது எது, சொல்லு. அழகுமலை கிழக்கே இருந்தா அது கிழக்கே போகும், கிட்ட வந்ததும் அவன் மேற்கே போயிடுவான், அதுவும் திரும்பி மேற்கே வரும், இப்படியே வீடு வீடாத் துளைச்சுக்கிட்டு ஊருக்குள்ளயே அலைஞ்சுச்சு. எல்லார் வீட்டுச் சுவத்துலயும் நெஞ்சு உசரத்துல கட்டைவிரல் தண்டிக்கு ஓட்டை. சிலபேரு துணியை அடைச்சாங்க, திரும்பி வரத்தானே போகுதுன்னு சிலபேரு அப்படியே விட்டாங்க. பால் சொசைட்டிப் பலகையில பால் விலைக்குக் கீழ, தோட்டா இன்று வடக்குத் தெரு, அப்படின்னு சாக்பீஸ்ல எழுதிப் போட்டாங்க. ஆசாரி ஒருத்தன் நாதாங்கிக்கு ஓட்டை போட வேண்டிய கதவுப் பலகையெல்லாம் அது வர்ற வழியில நிறுத்தி வச்சு வேலையை முடிச்சுக்கிட்டான். பூசாரி அதுக்கு மஞ்சத்துணி சுத்திப் பொட்டு வச்சுவிட்டாரு, அடுத்த சுவருல அது துணியைக் கழட்டிப் போட்டுட்டுப் போச்சு. பெரியவங்க எல்லாரும் அது எதுக்க வந்தா இடுப்பை வளைச்சுக் குனிஞ்சு வழி விடப் பழகிட்டோம், கீழேருந்து வேடிக்கை பாக்க வந்தவங்க, என்ன பணிவான சனம்னு எங்களைப் பத்திச் சொல்லிட்டுப் போனாங்க.

போலீஸு வந்துச்சு. இன்ஸ்பெக்டரு குண்டைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "இது இன்னும் பாயலையே. இப்ப எழுதினா முயற்சி, பாய்ஞ்சதுக்கப்புறம் எழுதினா கொலை, எதுக்கு ஒரே காயிதத்தை ரெண்டு தடவை எழுதணும்"னு சொல்லிட்டு, பரமானந்தம்னு ஒரு போலீஸ்காரரை அதுக்குத் துணைக்குப் போட்டுட்டுப் போனாரு. அந்த மனுசன் குடையைப் பிடிச்சுக்கிட்டு அதுகூடவே நடந்தாரு, செவ்வாய்க்கிழமை மட்டும் அவருக்கு லீவு. கோர்ட்டுல வாய்தா போட்டுட்டாங்க. தவசியப்பன் அதே சந்தையில வழக்கம் போல வெத்தலை வாங்கிக்கிட்டுப் போனான்.

நிறுத்திப் பாக்காமலும் இல்ல. ஆட்டுக்கல்லை மேடை கட்டித் தூக்கி வச்சாங்க, கல்லுக்குள்ள போயி வந்துச்சு. வீரணன்னு ஒரு முரடன், நான் பிடிக்கிறேன்டான்னு உள்ளங்கையை விரிச்சு மறிச்சான்; மெதுவாப் போற குண்டு கையை எப்படித் துளைக்கும்னு உனக்குத் தெரியாது ஜெயக்கொடி, தோலு உள்ள குழிஞ்சு, குழிஞ்சு, கிழிஞ்சு, அப்புறம் எலும்பு முறியிற சத்தம், அப்புறம் மறுபக்கம் தோலு புடைச்சுக்கிட்டு வரும். ஊரு முன்னாடி தோத்துடக் கூடாதுன்னு அவன் கையை எடுக்கவே இல்ல, பல்லைக் கடிச்சதுல ரெண்டு பல்லு உடைஞ்சு விழுந்துச்சு. தொழுவத்துல குட்டைக் கயித்துல கட்டியிருந்த ஒரு மாட்டோட கழுத்து வழியாப் போனப்ப அந்த மாடு கத்துன கத்தல் மலை முழுக்கக் கேட்டுச்சு. அழகுமலையும் ஊரைவிட்டுப் போய்ப் பாத்தான், கனியையும் கூட்டிக்கிட்டு கீழ்நாட்டுல ஒரு ஊருல போய் இருந்தான். குண்டு நேராக் கீழ இறங்கி அந்த ஊருக் கோயில் மதிலைத் துளைச்ச அன்னைக்கு, அந்த ஊருக்காரனுங்க கம்பை எடுத்துக்கிட்டு வந்து புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் அடிச்சு, உங்க ஊரு தோட்டா உங்க ஊருக்குள்ளயே இருக்கட்டும்னு மேல ஏத்தி விட்டுட்டானுங்க. கனிக்கு மூணு மாசம், அந்த அடியில கலைஞ்சு போச்சு.

அப்புறம் கருப்பாயி செத்தா. கை கால் விழுந்து பாயோட பாயாக் கிடந்த பொம்பளை, எனக்குக் கூட்டாளி, பேச்சு மட்டும்தான் வரும், அந்த வாயால ஊரையே சிரிக்க வைப்பா. கூன் விழுந்த முதுகுக்குத் தோதாக் கயித்துக் கட்டிலோட தலைமாட்டை நெஞ்சு உசரத்துக்கு உசத்திப் போட்டிருந்தாங்க. எல்லாரும் சந்தைக்குப் போயிருந்த நேரத்துல குண்டு அவ வீட்டுச் சுவரு வழியா உள்ள வந்துச்சு. தள்ளிப் படுக்க முடியாது. அது வர்றதை அவ பாத்துக்கிட்டே கிடந்திருக்கணும், சுவத்துலருந்து கட்டிலுக்குப் பத்தடி, எவ்வளவு நேரம் கத்தியிருப்பாளோ. நான் போய்த் தூக்குறப்ப அவ ஒரு கண்ணு திறந்திருந்துச்சு, ஈயத்தோட நிறம் அந்தக் கண்ணுக்குள்ள ஏறியிருந்துச்சு.

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா, தவசியப்பன் வந்து மாலை போட்டு அழுதான், பாடை கட்ட மூங்கில் குடுத்தான், அடக்கத்தன்னைக்கு ஊருக்கே சோறு போட்டான். அந்தச் சோத்தைத் தின்னுக்கிட்டு இருக்கறப்பதான் பேச்சு மாறுச்சு. யாரு சுட்டான்னு எவனும் பேசலை. "இவன் ஏன் ஓடிக்கிட்டே இருக்கான்"னுதான் பேசினாங்க. "ஒருத்தன் நின்னா ஊரு தப்பிக்கும், நிக்க மாட்டேங்குறானே"ன்னு பேசினாங்க. வீரணன் ஓட்டைக் கையைத் தூக்கிக் காட்டி, "இவனுக்காக எத்தனை பேரு சாகணும்"னு கேட்டான். அதைக் கேட்டுட்டு நான் கையில இருந்த சோத்தை இலையிலயே உதறிட்டு எந்திரிச்சேன், ஆனா வாயைத் திறக்கலை, அன்னைக்கும் திறக்கலை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பரமானந்தம் லீவுல போனதும், பட்டப்பகல்ல அழகுமலையைப் பிடிச்சு அவன் ஜீப்பு முன்னாடியே, முகப்புக் கம்பியோட சேத்து வாழைநார்க் கயித்துல கட்டினாங்க. கட்டினவனுங்க யாரு தெரியுமா, அவன் வண்டியில தொத்திக்கிட்டுப் போனவனுங்கதான். பால் சொசைட்டிக்கு முன்னாடி நாற்காலி போட்டுத் தவசியப்பன் துப்பாக்கியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். கனியை ரெண்டு பொம்பளைங்க சொசைட்டிக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க, அவ உள்ள இருந்து கதவை மோதுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. குண்டு தெக்குத் தெரு முனையில திரும்பியிருந்துச்சு, வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆகும்.

அப்பத்தான் துரைப்பாண்டி என் வீட்டுக்கு வந்து கத்தியைக் கையில குடுத்தான்.

"குறைக்கட்டு கட்டினது நீதானக்கா. நீதான் முடிக்கணும். அதுதான முறை."

"அது பன்னிக்குடா."

"அது வந்து பாயுறதை நீ பாத்திருக்கல்ல. வீரணன் கைக்கே அந்தப் பாடு. நெஞ்சுக்குள்ள போறதுக்குள்ள இவன் என்ன பாடு படுவான். நீயே முடிச்சுவிட்டா அவனுக்கும் நல்லது, அது பாட்டுக்குக் கீழ விழுந்துடும். ஊரே கும்பிட்டுக் கேக்குதுக்கா."

கும்பிடத்தான் செஞ்சானுங்க. ஒவ்வொருத்தனும் கையைக் கட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, எங்க ஊருல யாரும் கெட்டவங்க இல்லைன்னு நீ நம்புற மாதிரி நின்னானுங்க. நான் கத்தியை மடியில வச்சுக்கிட்டு ஜீப்புக்கு எதுக்க தரையில உக்காந்தேன். ஒரு மணி நேரம் உக்காந்தேன். அழகுமலை குண்டு வர்ற வழியைப் பாத்துக்கிட்டு நின்னான். குண்டு கூட்டத்துக்குள்ள நுழைஞ்சப்ப எல்லாரும் குனிஞ்சு வழி விட்டாங்க. அவன் நெஞ்சுக்கு நாலு முழம் இருக்கும், மூணு முழம் இருக்கும், அப்ப வாயைத் திறந்தான்.

"அத்தை, சீக்கிரம்."

எந்திரிச்சேன். அவன் கண்ணை மூடிக்கிட்டான். நான் அவனைத் தாண்டிப் போயி, நாற்காலியில உக்காந்திருந்தவனோட தலைமயிரைப் பிடிச்சுத் தலையைச் சாய்ச்சு, காதுக்குக் கீழ ரெண்டு விரக்கடை விட்டுக் கத்தியைப் பிடி வரைக்கும் இறக்கினேன். பன்னிக்கு எங்கயோ மனுசனுக்கும் அங்கதான். துப்பாக்கி மடியில இருந்து உருண்டு விழுந்துச்சு, அவன் அதை எடுக்கக் கையை நீட்டினான், கை பாதியில நின்னுடுச்சு. ரத்தம் என் முகத்துல, வாயில, சேலையில, சொசைட்டிப் பலகையில. ஏன்டி பவளம்னு கேக்குற மாதிரி பாத்தான். முதல் குத்துலயே முடிஞ்சுடுச்சு, ரெண்டாவது தேவைப்படலை.

குண்டு நின்னுச்சு. அழகுமலை நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்துல அந்தரத்துல அசையாம நின்னுச்சு. சுட்டவன் போயிட்டான், இனி விழுந்துடும்னு நான் மூச்சை விட்டேன். விழலை. ஒன்பது மூச்சு எண்ணினேன். அப்புறம் மூக்கை மெதுவாத் திருப்பி என்னைப் பாத்துக் கிளம்புச்சு. நான் சுத்தி நின்ன மூஞ்சிகளைப் பாத்தேன், துரைப்பாண்டி, வீரணன், பூசாரி, ஆசாரி. அத்தனை பேரும் என்னைத்தான் பாத்துக்கிட்டு நின்னாங்க, அத்தனை கண்ணுலயும் கோவம். ஒரு கொலை பண்ணதுக்காக இல்லடி அந்தக் கோவம். அவங்க பண்ண இருந்ததை நான் பக்கத்துல நின்னு பாத்துட்டேன், அதுக்கு. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு, பாதி மருந்துல கிளம்புன அந்த ஈயத்துக்கு மிச்சப் பாதியை இத்தனை நாளா யாரு குடுத்துக்கிட்டு இருந்தாங்கன்னு.

அதே கத்தியால கயித்தை அறுத்தேன். சொசைட்டிக் கதவைத் திறந்து கனியை வெளிய விட்டேன். இஞ்சின்ல ஓட்டையோட அந்த ஜீப்பு ஓடாது, சரிவுல தள்ளி விட்டா உருளும், ரெண்டு பேரும் ஏறி உக்காந்து மலையை விட்டு இறங்கிப் போனாங்க. யாரும் மறிக்கலை, அவனை யாருக்கும் இனி வேணாம். நான் நடந்தே கீழ வந்து ஸ்டேஷன்ல கத்தியை வச்சேன்.

போன வியாழக்கிழமை மனு போட்டு என்னைப் பாக்க ஒருத்தன் வந்தானே, அது அழகுமலைதான். கனி மறுபடியும் உண்டாயிருக்காளாம். தம்பி சாவுக்கு நட்டஈடு கேட்டுக் கோர்ட்டுல சாட்சி சொல்லிட்டானாம். ஊருப் பக்கம் எதுக்கோ போனானாம்.

"ஓட்டையெல்லாம் சிமெண்டு வச்சுப் பூசிட்டாங்கத்தை. தவசியப்பன் வீட்டம்மா தோட்டத்தை வித்துட்டு அண்ணன் வீட்டோட போயிடுச்சு. யாருக்கும் உன் மேல கோவம் இல்ல. உன் பேச்சே இல்ல ஊருல, மறந்துட்டாங்க."

"அப்ப அது நின்னுடுச்சாப்பா?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "பைபாஸைத் தாண்டிடுச்சு. முன்னைவிட வேகமா வருதுத்தை."

ஊரு மறந்துடுச்சு, செத்தவன் பொண்டாட்டியே மறந்துட்டா, பிறகு யாரு தள்ளுறான்னு வந்து உக்காந்து யோசிச்சேன். தவசியப்பனைக் குத்துனதுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல, இப்பவும் இல்ல. கருப்பாயிதான். கட்டில்ல கிடந்து அது வர்றதைப் பாத்துக்கிட்டே இருந்தாளே, அவதான். கனி வயித்துல இருந்த பிள்ளை. வாசல்ல வந்து நின்னவன்கிட்ட மாட்டேன் போடான்னு சொல்லியிருந்தா அன்னைக்கு என்னை நாலு அடி அடிச்சிருப்பான், வீட்டை விட்டுத் துரத்தியிருப்பான், அதோட முடிஞ்சிருக்கும். நான் பாதி நல்லவளா இருந்தேன், அதுதான் அந்தரத்துல கிளம்பி வருது. அதைத் தள்ளிக்கிட்டு வர்றது நான்தான்டி. நிறுத்தணும்னுதான் பாக்குறேன், என் பேச்சை என் மனசு கேக்க மாட்டேங்குது.

சூப்பிரண்டம்மா வேற ஜெயிலுக்கு மாத்தவான்னு கேட்டாங்க. நடுவுல எத்தனை வீடு, எத்தனை பேரு படுத்த படுக்கையாக் கிடப்பாங்களோ, வேண்டாம்னேன். தனியாப் போடுங்கன்னு கேட்டேன், இடமில்லன்னாங்க. நம்ம ரெண்டு பேரையும் மதில் ஓரத்து அறைக்காவது மாத்துங்கன்னு கேட்டு இதை வாங்கினேன். நான் பேச ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முந்திதான் அது வெளி மதிலைத் தாண்டிடுச்சுன்னு வார்டரம்மா சொல்லிட்டுப் போனா.

சுவத்துக்குள்ள எலி பிராண்டுற மாதிரி கேக்குதா. பயப்படாத, நான் இங்க சாஞ்சு உக்காந்திருக்கேன், என் முதுகுக்கு நேராத்தான் வரும். நகந்துக்கலாம், நகர எனக்கும் தெரியும், சாக எனக்கு ஆசை இல்ல. ஆனா எட்டடி அறை இது. நான் எந்தப் பக்கம் நகந்தாலும் அது உள்ள வந்து உங்க ரெண்டு பேரையும் தாண்டித்தான் திரும்பும், அதுவும் நான் உக்காந்திருக்கிற உசரத்துல, உன் மக எந்திரிச்சு நிக்கிற உசரத்துல. பிள்ளையைத் தூக்கிக்கோ. கம்பிக் கதவுக்குப் போ. இன்னும் ஓரமாப் போ. தூக்கிக்கிட்டியா. முதுகுல வந்து தொட்டுடுச்சு, சுடும்னு நெனச்சேன், ஜில்லுன்னுதான் இருக்கு. நான் அசையலை, பாத்துக்கோ, கொஞ்சமும் அசையலை. அவ முகத்தை உன் தோளுப் பக்கமாத் திருப்பிக்கோ ஜெயக்கொடி.